எண்ணெயிலேயே ஆறட்டும்

ரோஜா மாலையைப் பிணத்தின் மேல் சாத்திய கையோடு ஜம்புலிங்கம் நாகவல்லியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே நகர்ந்து இடம் விட்டார்கள். சலவை வேட்டி, கழுத்தில் மைனர் செயின், சட்டையில் சென்ட் வாசனை. இப்பேர்ப்பட்ட மொதலாளி பட்டரவாக்கத்தின் அந்தச் சந்துக்குள் நுழைந்து, ஓட்டு வீட்டின் சாணி மெழுகிய தரையில் உட்கார்ந்ததைத் தெருவே எட்டிப் பார்த்தது.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

வெளியே பறை காதைப் பிளந்துகொண்டிருந்தது. நாகவல்லிக்குக் கேட்டது. கேட்காத மாதிரி புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடையோடு சேர்த்து உச்சந்தலையில் வெள்ளைத் துணியால் முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

ஜம்புலிங்கம் இன்னும் கிட்டத்தில் வந்தார்.

"மனசத் தேத்திக்கம்மா. அய்யாசாமி போற நேரத்துல ஏதாவது சொன்னாரான்னு கேட்டேன். டை விசயமா."

டை விசயமா. பிணத்தை இன்னும் குளிப்பாட்டக்கூட இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார் கெங்கம்மாள் மாரில் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இன்னா மொதலாளி, பொணத்தாண்ட குசுகுசுன்னு?"

"ஒண்ணும் இல்லம்மா. ஆறுதல் சொல்லிகினு கீறேன்."

சொல்லிவிட்டு மறுபடி நாகவல்லியின் காதுக்குக் குனிந்தார். இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது. "டை செட்டு மொத்தமும் அடுப்புல ஏத்திட்டு வந்துகீறேன். சாயங்காலம் எறக்கணும். இதுவும் ஒடைஞ்சா கம்பெனிக்காரன் ஆர்டர வாங்கிக்குவான். பட்டறைக்குப் பூட்டுதான். கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாரு."

நாகவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னாரு," என்றாள். "இருங்க. சொல்றேன்."

அந்த ஆள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தபடி காத்திருப்பதைப் பார்க்க அவளுக்கு நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

*

அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் வைத்திருந்த எல்லாருக்கும் அய்யாசாமியைத் தெரியும். இரும்புத் தகட்டை வெட்டுகிற அச்சுக்கு டை என்று பெயர். கடைந்து எடுத்த டை வெறும் மெத்து இரும்புதான். அதை அடுப்பில் காய்ச்சி, எண்ணெயில் முக்கி முறுக்கேற்றினால்தான் வெட்டும். அதற்குப் பட்டறைக்காரர்கள் தொவச்சல் என்பார்கள். தொவச்சல் சரியாக விழுந்தால் அந்த டை வருஷக்கணக்கில் அடி தாங்கும். பிசகினால் கண்ணாடி டம்ளர் மாதிரி தெறிக்கும்.

அய்யாசாமி தொவச்சல் போட்டது தெறித்ததில்லை என்று பேர். அந்தப் பேரைக் காப்பாற்ற அவர் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமல்ல. டை பழுக்கிற நேரம் வந்தால் "எல்லாம் வெளிய போங்கடா" என்று சத்தம் போடுவார். கதவைச் சாத்துவார். ஜன்னலில் கோணி தொங்கவிடுவார். பல்பை அணைத்துவிடுவார். இருட்டில் இரும்பின் நிறம் ஒன்றுதான் தெரியவேண்டும். அதையும் அவர் ஒருத்தர்தான் பார்க்கவேண்டும். ஜம்புலிங்கத்தின் பட்டறையில் கூட வேலை செய்த பால்ராஜ் அத்தனை வருஷமும் கதவுக்கு வெளியே பீடி குடித்துக்கொண்டுதான் இருந்தான்.

சொந்த மகனைக்கூட அவர் அந்த அடுப்பு அறைக்குள் விட்டதில்லை. வேம்புலியைப் பிரஸ்ஸில்தான் நிற்க வைத்தார்.

அந்தப் பிரஸ்ஸில்தான் டை வெடித்தது. மீசை அரும்பிய வயசு வேம்புலிக்கு. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

வெடித்தது ஏன் என்று எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். ஜம்புலிங்கம் மிச்சம் பிடிக்க வாங்கிப் போட்ட காயலாங்கடை இரும்பு. விசாரணைக்கு லேபர் ஆபீசர் வந்தார். டை உடைந்து கை போனதா, பையன் அசந்து கையை விட்டானா என்று கேட்டார். ஜம்புலிங்கம் வேர்த்து வழிந்துகொண்டு, "நான் சொன்னா நம்ப மாட்டீங்க சார். பையனோட அப்பனே இங்கதான் கீறான். அவனையே கேளுங்க," என்றார்.

அய்யாசாமி வாயில் இருந்த புகையிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். "என் கை பட்ட டை ஒடையாது சார். பையன்தான் தூங்கிட்டான்."

இரும்பு மட்டம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் தன் டை உடைந்தது என்று ஆகிவிடும். மகனுடைய விரல்களைவிட அந்தப் பேர் அவருக்குப் பெரிதாகப் போய்விட்டது. ஆபீசர் எழுதிக்கொண்டு போனார். வேம்புலிக்கு ஆஸ்பத்திரிக் கட்டைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. கட்டுப் பிரித்த அன்றைக்கே வீட்டைவிட்டுப் போனான்.

நாகவல்லி அழவில்லை, கத்தவில்லை, தாய்வீட்டுக்குப் போகவும் இல்லை. புருஷனுக்குச் சோறு போட்டாள். வேட்டி துவைத்தாள். பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டாள். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அதுவும் கணக்கில் சேர்ந்தது.

*

போன ஆடியில் ஒருநாள் அடுப்பு முன்னாலேயே அய்யாசாமி சாய்ந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. நாக்கு புரளவில்லை. வாயைத் திறந்தால் 'ஊ', 'ஆ' என்று எச்சிலோடு சத்தம் வரும். டாக்டருக்குப் புரியவில்லை. கூடப்பிறந்த கெங்கம்மாளுக்கே புரியவில்லை.

நாகவல்லிக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து கன்னம் புடைக்கப் புகையிலையை அடக்கிக்கொண்டு பேசிய மனுஷன். அந்தப் பேச்சைக் கேட்டே குடித்தனம் நடத்தியவளுக்குப் பக்கவாதத்துப் பேச்சு பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

காது அவருக்கு நன்றாகக் கேட்டது. புத்தியும் தெளிவு. அதுதான் விசேஷம்.

ஒரு மாசத்தில் ஜம்புலிங்கம் பால்ராஜைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள்.

"அண்ணாத்தே, நீ எயுந்து வர்ற வரைக்கும் அடுப்ப இவன் பாத்துக்குவான். கொஞ்சம் கொஞ்சமா அவனுக்குச் சொல்லிக் குடு. இன்னா?"

நாகவல்லி எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அய்யாசாமியின் கண் பளிச்சென்று ஆனது. அத்தனை வருஷம் கதவைச் சாத்தி வைத்திருந்த ஆள், படுத்த பிறகு, எல்லாம் தன்னோடு மண்ணாகிவிடுமே என்று பயந்திருக்கிறார். அவசர அவசரமாக வாயைத் திறந்தார். எச்சில் வழிய வழியப் பேசினார்.

ஜம்புலிங்கமும் பால்ராஜும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா சொல்றாரும்மா?"

நாகவல்லிக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. 'எண்ணெய்ல முக்கி, பொகை அடங்கறதுக்குள்ள வெளிய எடுத்துடணும். எடுத்த சூட்டோட சுடுமணல்ல பொதைக்கணும். எண்ணெய்லயே ஆற வுட்டியோ, செத்துச்சு. தண்ணி பட்டுச்சோ, அந்த நிமிசமே பொளந்துக்கும். மணல்லருந்து எப்ப எடுக்கறதுங்கறதுதான் சூட்சுமம். அத்தக் கடைசியா சொல்றேன்.'

படுக்கையில் விழுந்தும் அந்தக் கடைசியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சொல்றாரு?" ஜம்புலிங்கம் மறுபடி கேட்டார்.

அவள் யோசித்து வைத்துக்கொண்டு செய்யவில்லை. அப்பனையே கேளுங்க என்று ஆபீசர் முன்னால் கையை நீட்டிய அதே ஆள், அதே மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றார். வாயில் தானாக வந்தது.

"எண்ணெய்லயே ஆறட்டும்ங்கறாரு. அவசரப்பட்டு எடுக்கக் கூடாதாம். விடிய விடிய அப்டியே கெடக்கட்டுமாம்."

பளார்!

அய்யாசாமி இடது கையால் பாயை அறைந்தார். "ஊ! ஊ! ஊ!"

பால்ராஜ் ஓரடி பின்வாங்கினான். "இன்னா நாகவல்லிக்கா, கோவப்படறாரு?"

"கோவம் இல்ல தம்பி. நீ மறந்துடுவியாம். அடிச்சுச் சொல்றாரு."

ஜம்புலிங்கம் நெகிழ்ந்துபோய்விட்டார். "பாத்தியாடா? படுத்துகினும் தொழில்மேல எவ்ளோ அக்கறை!"

அவர்கள் போன பிறகு நாகவல்லி கஞ்சி ஆற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அய்யாசாமியின் கண் அவளை எரித்தது. ஸ்பூனை வாயருகே கொண்டுபோனாள்.

"இன்னாய்யா மொறைக்கற? அன்னிக்கி ஆபீசர் கேட்டப்ப நீ சொன்ன. இன்னிக்கி மொதலாளி கேட்டாரு, நான் சொன்னேன். வாயத் தொற."

திறக்கவில்லை. கஞ்சி கழுத்தில் வழிந்தது. பொறுமையாகத் துடைத்துவிட்டாள்.

*

டை உடனே உடையவில்லை. அதுதான் அந்தப் பொய்யின் அழகு. நாலு நாள், ஒரு வாரம் ஓடும். பிறகு ஒரு மத்தியானம் படீரென்று பிளந்துகொள்ளும்.

ஜம்புலிங்கம் ஓடிவந்தார். "ரெண்டு டை பொளந்துகிச்சும்மா. எங்கியோ தப்பு கீது. கேட்டுச் சொல்லு."

"யாருக்காவது அடிபட்டுச்சா?" அதை மட்டும் நாகவல்லி உடனே கேட்டாள்.

"சேச்சே. அந்தக் கதைக்கப்புறம் எல்லா பிரஸ்ஸுக்கும் கம்பி வலை மாட்டிட்டேன்ல. ஒருத்தன் மேலயும் தெறிக்காது."

அந்தக் கதை. அவள் மகனுடைய மூன்று விரலுக்கு இப்போது அந்தக் கதை என்று பேர். அது நடப்பதற்கு முன்னால் ஒரு வலை மாட்ட இந்த ஆளுக்குக் கை வரவில்லை.

அவள் குனிந்து புருஷன் வாயருகே காதை வைத்தாள். அவர் கெஞ்சினார். 'மணலு. மணல்னு சொல்லுடி. என் பேரக் கெடுக்காதடி.'

"எண்ணெய் புதுசாம். பழைய எண்ணெயா பாத்து ஊத்தணுமாம்," என்றாள் நாகவல்லி.

பளார்!

"ஆமாமாம்ங்கறாரு."

இப்படியே ஐப்பசி போனது, கார்த்திகை போனது. ஜம்புலிங்கம் ஒவ்வொரு தடவையும் உடைந்த துண்டுகளைத் துணியில் முடிந்துகொண்டு வந்து அய்யாசாமி கண்முன் காட்டுவார். என் கை பட்ட டை உடையாது என்று சொன்ன மனுஷன், தன் பேரால் உடைந்த டைகளைத் துண்டு துண்டாகப் பார்த்தார். ஒருநாள் இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் அவளைக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"கண்ணு ஏன் கலங்குது?" என்றார் ஜம்புலிங்கம்.

"காத்து ஒத்துக்கல மொதலாளி," என்று ஈரத்துணியால் ஒற்றிவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள்.

அதற்கப்புறம் அய்யாசாமி வாயை மூடிவிட்டார். ஜம்புலிங்கம் வந்தால் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தண்ணீர் வேண்டும் என்றுகூடக் கேட்பதில்லை. பொங்கல் வந்து போகும்வரை அந்த வீட்டில் அவர் சத்தம் கேட்கவில்லை. சூட்சுமத்தைக் கடைசியாகச் சொல்கிறேன் என்றாரே, அது அவர் வாய்க்குள்ளேயே நின்றது. நிற்கட்டும். புருஷனுக்கும் மொதலாளிக்கும் சேர்த்து ஒரே பூட்டு. அவளுக்கு நிறைந்துபோயிருந்தது.

நேற்று சாயங்காலம் வேம்புலி வந்து நிற்கும்வரை.

*

வாசலில் நிழலாடியதும் யாரோ எஸ்டேட் ஆள் என்றுதான் நினைத்தாள். லுங்கி மடிப்புக்குள் வலது கையைச் செருகிக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்த பிறகுதான் மகன் என்று தெரிந்தது.

"இன்னாடா இப்டி இளைச்சுப் போய்ட்ட?" அத்தனை வருஷத்துக்கு அப்புறம் முதலில் வந்த பேச்சு அதுதான்.

"நீ இன்னா குண்டாவா கீற?"

அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே பேசினான். சுவர் ஓரம் படுத்திருந்த அப்பன் பக்கம் திரும்பவில்லை. முத்தாபுதுப்பேட்டையில் கொட்டகை ஒன்று வாடகைக்குப் பிடித்திருக்கிறானாம். அடுப்பு கட்டியாகிவிட்டதாம். இந்தக் கையை வைத்துக்கொண்டு பிரஸ்ஸில் எவனும் சேர்க்கமாட்டான், இடுக்கி பிடிக்க முடியும், தொவச்சல் போட முடியும் என்றான்.

"எஸ்டேட் பூரா ஒரே பேச்சும்மா. ஜம்புலிங்கம் டை எல்லாம் அப்பளமா நொறுங்குதாம். ஆர்டர் குடுத்தவனுங்க வேற ஆளத் தேடிகினு கீறானுங்க. தொவச்சல் மட்டும் எனக்கு ஒயுங்கா வந்துச்சுன்னா, அத்தினியும் என் கொட்டாய்க்குத்தான் வரும்."

நாகவல்லி ஜம்புலிங்கத்தைச் சாய்க்க வேண்டும் என்றுதான் செய்தாள். சாய்ந்தவன் கையிலிருந்து விழுவது மகன் மடியில் விழும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

"எண்ணெய்ல முக்கி, பொகை அடங்கறதுக்குள்ள எடுத்து சுடுமணல்ல பொதைக்கணும்டா. ஒங்க நைனா சொன்னாரு," என்றாள் மடமடவென்று.

"அது வரைக்கும் நானே போட்டுப் பாத்துக் கண்டுபுடிச்சிட்டேன். மணல்லருந்து எப்ப எடுக்கறது? முந்துனா தெறிக்குது, பிந்துனா மயுங்கிப் போவுது. அதாம்மா புடிபட மாட்டுது."

அது நாகவல்லிக்கும் தெரியாது.

"அவரக் கேளு," என்றாள்.

வேம்புலி டீ கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு எழுந்துபோய்ப் பாய் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"நைனா."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் மெதுவாகத் திரும்பியது. லுங்கிக்குள் இருந்த கையை அய்யாசாமி பார்த்தார். இடது கையை நீட்டினார். வேம்புலி தயங்கித் தயங்கி வலது கையை வெளியே எடுத்துக் கொடுத்தான். விரல் இருந்த இடங்களை அவர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கடைந்த டையை ஓரம் சரியாக இருக்கிறதா என்று தடவுகிற மாதிரிதான் இருந்தது.

"தொவச்சல் கத்துக்கணும் நைனா. மணல்லருந்து எப்ப எடுக்கறது?"

அய்யாசாமி பேசினார். மாசக்கணக்கில் மூடிக் கிடந்த வாய் திறந்தது. நிறுத்தாமல் பேசினார். கையால் காற்றில் எதையோ புதைத்தார், எடுத்தார், உயர்த்திப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா சொல்றாரு?"

நாகவல்லி காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். இன்னும் பக்கத்தில். ஒன்றும் இல்லை. வெறும் காற்று வந்தது. 'ஊ'வும் இல்லை 'ஆ'வும் இல்லை, தொண்டையில் சளி இழுக்கிற சத்தம் மட்டும். வாய் இன்னொரு பக்கமும் கோணியிருப்பதை அப்போதுதான் பார்த்தாள். அவர் பேசாமல் கிடந்த நாட்களில் எப்போதோ இரண்டாவது தடவையும் இழுத்திருக்கிறது. கோபத்தில் வாயை மூடிக்கிடக்கிறார் என்று இவள் சந்தோஷமாக இருந்த நாளில், உள்ளே நாக்கு முழுசாகச் செத்துப்போயிருக்கிறது. அவருக்கே இப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும்.

"திருப்பிச் சொல்லுய்யா. நெறமா? நெறம் மாறுறப்ப எடுக்கறதா? மஞ்சளா? செவப்பா?"

பாயை அறைந்தார். அந்த அறையில் பழைய சத்தம் இல்லை.

"மஞ்சள் இல்லியா? செவப்பா?"

மறுபடி அறை.

"இன்னாம்மா?" வேம்புலியின் குரல் ஏறியது. "இத்தினி மாசமா அந்த ஆளுக்கு நீதான சொல்லிகினு இருந்த? எனக்கு மட்டும் இன்னா?"

"புரிலடா." நாகவல்லி நிமிர்ந்தாள். "சாமி சத்தியமா புரில."

அய்யாசாமி அவளைப் பார்த்தார். ஹார்லிக்ஸ் பாட்டில் வந்த நாளில் பார்த்த அதே பார்வையாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதில் கோபம் இல்லை. பெத்த பிள்ளைக்குமா என்று கேட்கிற பார்வை.

அவள் அவர் காதில் வாயை வைத்தாள். "நெசமாத்தான்யா புரில. பொய் சொல்லல. இவன் என் புள்ளைய்யா."

அவர் மகனுடைய கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். விடியும்போது பார்த்தால் உடம்பு சில்லிட்டிருந்தது.

*

"எந்திரிங்க, எந்திரிங்க. பொயுது சாயுது, குளிப்பாட்டணும்." கெங்கம்மாள் பெண்களை விரட்டிக்கொண்டிருந்தாள். வேம்புலி ஈர வேட்டியோடு குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து ஊற்றினான். எண்ணெய், சீயக்காய், புது வேட்டி, நெற்றியில் காசு. எல்லாம் ஆயிற்று. ஜம்புலிங்கம் நகரவில்லை. யார் வந்தார் போனார் என்று பாராமல், கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் நாகவல்லியைப் பார்ப்பதுமாக இருந்தார்.

பாடையைத் தெருவில் வைத்துத் தோரணம் கட்டினார்கள். வேம்புலி நெருப்புச் சட்டி வாங்கத் தெருமுனைக்குப் போனான். பறை உச்சத்தில் இருந்தது. நாகவல்லி தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஜம்புலிங்கமும் எழுந்தார்.

ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னால் இந்த ஆள் போய்விடுவார். பால்ராஜ் ஏதோ தட்டுத்தடுமாறி எண்ணெயிலேயே போடுவான். பாதி தேறினாலும் தேறிவிடும். ஆர்டர் பிழைத்துவிடும். ஆபீசர் முன்னால் வேர்த்து வழிந்த முகம், இன்னொரு வாட்டி துடைத்துக்கொண்டு போய்விடும்.

"தண்ணியில போடச் சொன்னாரு," என்றாள்.

"இன்னாது? கேக்கல." பறைச் சத்தம்.

நாகவல்லி குரலை உயர்த்தினாள். "தண்ணி! எண்ணெயே வேணாமாம். இத்தினி நாளா ஒங்களுக்குத் தப்பாத்தான் சொல்லிட்டாராம். சாவுற நேரத்துல அழுதாரு. பழுத்த டைய அப்டியே கெணத்துத் தண்ணியில..."

ஊர்வலம் கிளம்பப் பறைக்காரர்கள் கையை நிறுத்தினார்கள். தெரு சட்டென்று அமைதியானது.

"...போடச் சொல்லு, ஒண்ணுகூட ஒடையாதுன்னு வாயால சொல்லிட்டுத்தான் போனாரு! எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேட்டுச்சு!"

அவள் குரல் சந்து முழுக்கக் கேட்டது. திரும்பினாள். ஈர வேட்டி சொட்ட, கயிறு கட்டிய புதுச் சட்டியை ஏந்திக்கொண்டு வேம்புலி வாசலில் நின்றான்.

ஜம்புலிங்கத்துக்கு அவன் கண்ணில் படவில்லை. பாடையருகே ஓடிப்போய் பிணத்தின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தெரியும் அண்ணாத்தே. நீ என்னக் கைவுட மாட்டன்னு தெரியும்." நிமிர்ந்தவர் அப்போதுதான் மகனைப் பார்த்தார். "வேம்புலியா? எப்பப்பா வந்த? கை இப்ப எப்டி கீது?"

வேம்புலி அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து எனக்குப் புரிலன்ன," என்றான்.

பொய்டா. அந்த ஒரு வார்த்தை போதும். ஒனக்குச் சொன்னதுதான் நிசம், மொதலாளிக்குச் சொன்னது பொய்டா. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கையெட்டும் தூரத்தில் ஜம்புலிங்கம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். சொன்னால் அவர் காதிலும் விழும். அடுப்பில் பழுத்துக்கொண்டிருக்கிற செட்டு பிழைத்துவிடும்.

நாகவல்லி வாயை மூடிக்கொண்டாள்.

வேம்புலி தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டான்.

வெட்டியான் சட்டிக்குள் நெருப்புக் கங்குகளைப் போட்டு ஊதினார். "தூக்குப்பா. தூக்கிட்டா திரும்பிப் பாக்கக் கூடாது. யாரும் பின்னாலருந்து அவனக் கூப்டக் கூடாது. கேட்டுதாம்மா? நேரா நட."

மிச்சமிருந்த இரண்டு விரலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு அவன் முன்னால் போனான். பாடை எழுந்தது. பறை மறுபடி தொடங்கியது. யாரோ பொரியை வாரி வாரி இறைத்துக்கொண்டு போனார்கள்.

இந்தப் பக்கம் ஜம்புலிங்கத்தின் கார் பின்னோக்கி வந்தது. சந்துப் பையன்கள் பேனட்டைத் தட்டி "வா வா வா, ரைட்ல ஒடி மாமே" என்று வழி சொன்னார்கள். ரோட்டுக்கு ஏறியதும் எஸ்டேட் பக்கம் திரும்பிப் பறந்தது. டிரைவர் ஒரே மூச்சாக ஹார்ன் அடித்துக்கொண்டு போனான்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். நாகவல்லியும் நின்றாள். மகன் முதுகு, பிடரி, தோளில் கிடந்த துண்டு. ஏரிக்கரை வளைவு வரைக்கும் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்றுதானே சொல்லியிருக்கிறார்கள்.

"வாடி, தலைக்கு ஊத்திக்க," என்று கெங்கம்மாள் அவள் தோளைத் தொட்டாள். "நல்லா தெளிவா பேசிட்டாச்சும் போனானே என் தம்பி. உனக்காச்சும் கேட்டுச்சே. அது போதும்."

எங்கிருந்தோ ஒரு கோழி தெருவுக்கு வந்தது. மண்ணில் கிடந்த பொரியைக் கொத்திக்கொண்டே ஊர்வலம் போன திசையில் கொஞ்ச தூரம் போனது. பிறகு நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பியது.